ஹிட்லரின் பட்டத்து இளவரசர்: கோரிங்கின் சரிவு எந்த நாளில் தொடங்கியது?

பழைய வானொலி

ரொம்ப நாளாக உறுத்துகிற கேள்வி. இங்கே போர் வரலாறு படிப்பவர்கள் பலர் இருப்பதால் இழையாகவே போட்டுவிடுகிறேன்.

1939 செப்டம்பர் 1, போலந்துக்குள் படை நுழைந்த அன்றே ஹிட்லர் நாடாளுமன்றத்தில் பேசினார். இந்தப் போரில் எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் அடுத்தது கோரிங், அவருக்கும் ஆகிவிட்டால் ஹெஸ் என்று சபையறியச் சொன்னார். 1945 ஏப்ரல் 23 அன்று அதே கோரிங்கைத் துரோகி என்று சொல்லி எஸ்.எஸ். என்ற கட்சிப் படையின் காவலில் வைத்தார்கள். இடையில் ஐந்தரை வருடம்தான்.

ஏறிய கதையைப் புதியவர்களுக்காகச் சுருக்கிவிடுகிறேன். 1893-ல் பவேரியாவின் ரோசன்ஹைமில் பிறந்தவர். முதல் உலகப் போரில் போர் விமானி. 22 விமானங்களை வீழ்த்தியதாகக் கணக்கு. 'சிவப்பு விமானி' ரிக்ட்ஹோஃபன் இறந்த சில மாதங்களில், 1918 ஜூலையில், அவருடைய படைப்பிரிவுக்கே தலைவரானார். 1922-ல் ஹிட்லரைச் சந்தித்தபோது அந்தப் பேர்தான் கைமுதல். தெருச் சண்டைக்காரர்கள் மண்டிக் கிடந்த கட்சிக்கு, மார்பில் பதக்கமும் பெரிய வீட்டுப் பழக்கமும் உள்ள ஒருவர் கிடைத்தால் விடுவார்களா? ஆட்சியைப் பிடிக்க ஹிட்லர் முயன்ற 1923 மியூனிக் கலகத்தில் இடுப்புக்குக் கீழே குண்டு பாய்ந்தது. வலிக்குப் போட்ட மார்ஃபின் ஊசி பழக்கமாகி, 1925-ல் சுவீடனில் மனநல விடுதியில் அடைக்கும் அளவுக்கு முற்றியது. 1927-ல் பொதுமன்னிப்பில் ஊர் திரும்பினார். அடுத்த ஆண்டே நாஜிக் கட்சிக்குக் கிடைத்த 12 இடங்களில் ஒன்று இவருக்கு. 1932-ல் சபாநாயகர். 1933-ல் பிரஷ்யாவின் உள்துறை, அதாவது நாட்டின் பெரும்பகுதிப் போலீஸ் கையில். அந்த ஏப்ரலில் கெஸ்டபோ என்ற ரகசியப் போலீஸைத் தொடங்கியவர் இவர்தான். பலரும் எஸ்.எஸ். தலைவர் ஹிம்லர் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்புறம் விமானப்படை, 1936-ல் பொருளாதாரத்தையே பிடிக்குள் கொண்டுவந்த நான்காண்டுத் திட்டம், 1938-ல் ஃபீல்டு மார்ஷல், 1940 ஜூலையில் வேறு யாருக்கும் இல்லாத ரைக்ஸ்மார்ஷல் பட்டம்.

சரி, இப்படி ஏறியவர் எப்போது இறங்கத் தொடங்கினார்? என் கட்சி ஸ்டாலின்கிராட், 1942 நவம்பர். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தேதியோடு வாருங்கள்.

கரிசல்காட்டான்

அண்ணே, ஸ்டாலின்கிராட் ரொம்பத் தாமதம். 1940 மே மாதத்திலேயே வண்டி தடம் மாறிவிட்டது.

பிரான்ஸின் டன்கர்க் கடற்கரையில் பிரிட்டிஷ் படை கடலுக்கும் ஜெர்மன் டாங்கிகளுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. மே 23 அன்று கோரிங் ஹிட்லருக்குப் போன் போட்டு, மிச்சத்தை என் விமானப்படையிடம் விடுங்கள், நான் முடிக்கிறேன் என்கிறார். மறுநாள் டாங்கிகளுக்கு நில் என்ற உத்தரவு. அந்த உத்தரவுக்கு கோரிங் மட்டும் காரணமில்லை, டாங்கிகளுக்கு ஓய்வு வேண்டும் என்று தரைப்படைத் தளபதி ருண்ட்ஸ்டெட்டும் நினைத்தார். ஆனால் வாய் கொடுத்தவர் கோரிங். பாதி நாள் மேகமும் புகையும். மீதி நாள் இங்கிலாந்திலிருந்து ஸ்பிட்ஃபயர் போர் விமானங்கள் வந்து குறுக்கே நின்றன. 3,38,000 பேர் தப்பிப் போனார்கள். (நடுவில் ஒரு செய்தி: டன்கர்க் வானில் சண்டை போட்ட பிரிட்டிஷ் அணிகளில் 264-ம் எண் அணியின் பெயரோடு 'மெட்ராஸ் பிரசிடென்சி' என்று ஒட்டிக்கொண்டிருக்கும். போர் நிதிக்கு நம் பக்கத்தில் வசூலித்துக் கொடுத்த பணத்துக்கான மரியாதை அது.)

அடுத்து பிரிட்டன் மேல் வான்போர். ஆகஸ்ட் 13-ல் தொடக்கம். ரேடார் கோபுரங்களை அடிப்பதில் பிரயோசனம் இருக்கிறதா என்று ஆகஸ்ட் 15-ஆம் தேதியே சந்தேகப்பட்டு, அந்த வேலையைக் கிட்டத்தட்டக் கைவிட்டார். எதிரியின் கண்ணைக் குத்தாமல் விட்டுவிட்டுக் கையோடு மல்லுக்கு நின்ற கதை. விமானத் தளங்களை அடித்துக்கொண்டிருந்ததாவது பலன் தந்தது. செப்டம்பர் 7-ல் அதையும் விட்டு லண்டன் மேல் திருப்பினார்கள். அன்று பிரெஞ்சுக் கடற்கரைக்கு கோரிங் தானே வந்து நின்று, தலைக்கு மேல் விமானங்கள் போவதை வேடிக்கை பார்த்தார். அவருடைய மெஸ்ஸர்ஷ்மிட் 109 லண்டன் மேல் சுமார் பத்து நிமிடம் சண்டை போடத்தான் பெட்ரோல் தாங்கும் என்பது அங்கே நின்றிருந்த மெக்கானிக்குக்கூடத் தெரியும். உனக்கு என்ன வேண்டும் என்று கேட்ட கோரிங்கிடம், என் அணிக்கு ஸ்பிட்ஃபயர் கொடுங்கள் என்று அவருடைய விமானி காலாண்ட் சொன்னது அப்போதுதான். செப்டம்பர் 17-ல் படையெடுப்பை ஹிட்லர் தள்ளிவைத்தார். ஆக, என் ஓட்டு 1940-க்கே.

கணக்குப்பிள்ளை

கரிசல், உங்கள் வாதத்தில் ஒரு ஓட்டை. 1940-லேயே சரிந்தவருக்கு 1941 ஜூன் 29 அன்று ஹிட்லர் ஏன் மறுபடி எழுதிக் கொடுத்தார்? தான் இறந்தால் எல்லாப் பதவிக்கும் கோரிங் வாரிசு, செயல்படும் சுதந்திரத்தை இழந்தால் கோரிங்தான் துணைவர் என்ற ஆணை அது. அந்தக் காகிதம் பின்னால் எப்படி வந்து கழுத்தைப் பிடித்தது என்பதைப் பழைய வானொலி அண்ணன் எழுதுவார் என்று விட்டுவிடுகிறேன்.

ஸ்டாலின்கிராட் கணக்கை மட்டும் நான் போடுகிறேன்.

1942 நவம்பர் 23-ல் ஸ்டாலின்கிராட்டில் ஜெர்மன் ஆறாம் படையைச் சுற்றி சோவியத் வளையம் மூடியது. உள்ளே இரண்டரை லட்சத்துக்கும் மேல் ஆட்கள். அவர்களுக்கு வேண்டியதை விமானத்திலேயே கொண்டுபோய்ச் சேர்க்க முடியும் என்று கோரிங் ஒப்புக்கொண்டார். ஆறாம் படை கேட்டது நாளுக்கு 500 டன், குறைந்தது 300. யுங்கர்ஸ் 52 சரக்கு விமானம் ஒரு நடைக்குச் சுமார் 2 டன் சுமக்கும். 500 டன்னுக்கு 250 தடவை தரையிறங்க வேண்டும். அந்த ஊரில் டிசம்பர் பகல் எட்டு மணி நேரம். இரண்டு நிமிடத்துக்கு ஒரு விமானம், இறங்கி, சாமானை இறக்கி, காயம்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு திரும்ப வேண்டும். பனியில், பீரங்கிக் குண்டு விழுகிற ஓடுபாதையில். இன்ஜினைக் கிளப்பவே அடியில் நெருப்பு மூட்டிச் சூடேற்றுகிற குளிர். நம்பிக்கைக்குக் காரணம் முந்தின குளிர்காலத்து டெம்யான்ஸ்க். அங்கே வளைக்கப்பட்ட ஒரு லட்சம் பேருக்கு வானிலிருந்தே சோறு போட்டுக் காப்பாற்றியிருந்தார்கள். ஒரு லட்சத்துக்கு நடந்தது இரண்டரை லட்சத்துக்கும் நடக்கும் என்று பெருக்கிவிட்டார்கள். சோவியத் விமானப்படை டெம்யான்ஸ்க் காலத்துப் பலவீனமான படை இல்லை என்பதைப் பெருக்கலில் சேர்க்கவில்லை.

நடந்தது என்ன? சராசரி நூறு டன்னைச் சுற்றியே நின்றது. டிசம்பர் 24-ல் விமானங்கள் கிளம்பிய தட்சின்ஸ்கயா தளம் போனது, ஜனவரி 16-ல் வளையத்துக்குள் அவை இறங்கிய பிதோம்னிக் போனது. கடைசியில் 488 விமானம் நஷ்டம். சரணடைந்த சுமார் 91,000 பேரில் ஊர் திரும்பியவர்கள் ஆறாயிரத்துக்கும் குறைவு.

ஆனால் நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். 'முடியும்' என்ற முதல் வார்த்தை கோரிங் வாயிலிருந்து வந்ததல்ல. அவருடைய தலைமை அதிகாரி யெஷோனெக் முதலில் தலையாட்டினார். களத்தில் இருந்த வான்படைத் தளபதி ரிக்ட்ஹோஃபன் (பழைய விமானியின் உறவினர்) முடியவே முடியாது என்று போனில் கத்திக்கொண்டிருந்தார். தரைப்படைத் தலைமை அதிகாரி ஸைட்ஸ்லர், கோரிங்கின் முகத்துக்கு நேராகவே பொய் என்றார். ஹிட்லர் எதைக் கேட்க விரும்பினார் என்பது கோரிங்குக்குத் தெரியும். அதைச் சொன்னார்.

மழைக்குருவி

பிள்ளை அண்ணா, நீங்கள் டன் கணக்கு போட்ட அதே வாரத்தில் ஐயா எங்கே இருந்தார் தெரியுமா? தன் சொகுசு ரயிலில் ஏறிப் பாரிஸ் போயிருந்தார். படம் வாங்க.

யூதக் குடும்பங்களிடம் பறித்த ஓவியங்களைக் குவித்துவைத்த இடம் பாரிஸின் ழே த போம் அருங்காட்சியகம். போர்க்காலத்தில் இருபது தடவை போல அங்கே போயிருக்கிறார். அவருக்காகத் தனியாகக் கண்காட்சி வைப்பார்கள். சோபாவில் சாய்ந்து, இது எனக்கு, அது ஹிட்லருக்கு என்று பிரிப்பார். ஓரமாக நின்ற ரோஸ் வாலான் என்ற பிரெஞ்சுப் பெண் ஊழியர், ஜெர்மன் தெரியாதவள் மாதிரி இருந்துகொண்டே, எந்தப் படம் எந்தப் பெட்டியில் எங்கே போகிறது என்று குறித்துவைத்துக்கொண்டார். போருக்குப் பிறகு படங்களைத் தேடியவர்களுக்கு அந்தக் குறிப்புகள்தான் வழிகாட்டி.

இதில் எனக்குப் பிடித்த பகுதி வெர்மீர். டச்சு ஓவியர் வெர்மீரின் படம் ஒன்றாவது தன்னிடம் இருக்க வேண்டும் என்று ஆசை. அப்படி ஒன்று சிக்கியபோது மாற்றாக 137 ஓவியங்களைக் கொடுத்தார். போர் முடிந்ததும், தேசியச் சொத்தை எதிரிக்கு விற்றாய் என்று ஹான் வான் மேகரன் என்ற ஓவியரை ஹாலந்தில் கைது செய்தார்கள். தேசத்துரோகம், பெரிய தண்டனை. அந்த ஆள், அது வெர்மீரே இல்லை, நான் வரைந்தது என்றார். யாரும் நம்பவில்லை. சாட்சிகளை உட்காரவைத்து, அவர்கள் கண் முன்னால் இன்னொரு 'பழைய' படத்தை வரைந்து காட்டினார்! 137 படம் கொடுத்து ஒரு போலியை வாங்கியிருக்கிறார் நம்ம பட்டத்து இளவரசர்.

திண்ணைவாசி

ஹாஹா. மாயரை விட்டுவிட்டீர்களே. எதிரி விமானம் ஒன்று ஜெர்மனியின் ரூர் தொழிற்பகுதியை எட்டினாலும் என் பெயர் கோரிங் இல்லை, மாயர் என்று கூப்பிடுங்கள் என்று ஜம்பம் அடித்தவர். நம்ம ஊர் 'மீசையை எடுத்துடறேன்' சவால்தான். 1942 மே கடைசியில் ஒரே ராத்திரியில் ஆயிரம் விமானம் கொலோன் மேல் வந்தது. 1943 ஜூலையில் ஹாம்பர்க் தீப்பிடித்து எரிந்தது. பெர்லின்காரர்கள் அபாயச் சங்குக்கு 'மாயரின் வேட்டைக்கொம்பு' என்று பேர் வைத்துவிட்டார்கள்.

1943 ஜனவரி 30 கூத்து வேறு. ஆட்சிக்கு வந்து பத்தாம் ஆண்டு விழா, கோரிங் வானொலியில் பேசவேண்டிய நேரத்தில் பட்டப்பகலில் மூன்று பிரிட்டிஷ் விமானம் பெர்லின் மேல். பேச்சு ஒரு மணி நேரம் தள்ளிப்போனது.

வீட்டில் சிங்கக் குட்டி, மாடியில் பொம்மை ரயில், நாளுக்கு நாலு தடவை சீருடை மாற்றம். எப்படி ஆளை முன்னாடி உட்காரவைத்திருக்கிறார்கள் பாருங்கள்.

பனிதேசத்தான்

எல்லாரும் சிரிப்பதால் கொஞ்சம் கசப்பாக எழுதுகிறேன், மன்னிக்கவும். நான் வேலைக்காக ஜெர்மனிக்கு வந்து பதினோரு வருடம். இங்கே உள்ள வயதானவர்களிடமும் இதே சிரிப்பைப் பார்த்திருக்கிறேன். கோரிங் என்றால் குண்டான, பதக்கம் குத்திய, தின்னிக் கோமாளி. அந்தச் சிரிப்பு அவருக்கு உயிரோடு இருந்தபோதே பயன்பட்டது.

1938 நவம்பர் 12-ல் நடந்த கூட்டத்தின் சுருக்கெழுத்துக் குறிப்பு அழியாமல் இருக்கிறது. மூன்று நாள் முன்னால்தான் நாடு முழுக்க யூதர் கடைகளையும் ஜெபக்கூடங்களையும் உடைத்து எரித்திருந்தார்கள். தலைமை கோரிங். அவருக்குக் கோபம், உடைந்த கண்ணாடிக்காக. இவ்வளவு பொருளை நாசமாக்கியதற்குப் பதில் இருநூறு யூதர்களைக் கொன்றிருக்கலாமே என்று பாதுகாப்புப் போலீஸ் தலைவர் ஹெய்ட்ரிக்கிடம் சொல்கிறார். முடிவில், அடிபட்டவர்கள் மீதே நூறு கோடி மார்க் அபராதம். காப்பீட்டுப் பணமும் அரசுக்கு.

1941 ஜூலை 31-ல் ஹெய்ட்ரிக்குக்கு ஒரு கடிதம். ஐரோப்பாவில் ஜெர்மனியின் பிடியில் உள்ள இடங்களில் யூதர் பிரச்சினைக்கு முழுத் தீர்வு காண வேண்டிய ஏற்பாடுகளைச் செய் என்று அதிகாரம் கொடுக்கும் கடிதம். கையெழுத்து கோரிங். யூதர் அழிப்பைத் திட்டமிட்ட 1942 ஜனவரி 20 வான்ஸீ கூட்டத்துக்கு ஹெய்ட்ரிக் அனுப்பிய அழைப்போடு போனது இந்தக் கடிதத்தின் நகல். சோவியத் மண்ணிலிருந்து தானியத்தை எடுத்தால் அங்கே கோடிக்கணக்கானவர்கள் பட்டினியால் சாவார்கள் என்று முன்கூட்டியே எழுதிவைத்துவிட்டுத் திட்டம் போட்டதும் இவருடைய பொருளாதார அலுவலகத்தின் கீழ்தான்.

1923-ல் குண்டு பாய்ந்து கிடந்த இவரை வீட்டுக்குள் இழுத்துப் போட்டுக் கட்டுப் போட்டது ஒரு யூதக் குடும்பம். அவர்கள் வெளிநாடு தப்ப உதவினார் என்பதும் உண்மை. தம்பி ஆல்பர்ட் கோரிங் அண்ணன் பெயரைப் பயன்படுத்தியே எத்தனையோ பேரைக் காப்பாற்றினார், அண்ணனும் தம்பியை ஒவ்வொரு முறையும் மீட்டுவிட்டார். தெரிந்தவனுக்கு ஒரு கை, தெரியாத லட்சம் பேருக்குக் கையெழுத்து.

ஆகவே 'சரிவு எப்போது' என்று கேட்பது சரி. ஆனால் சரிந்துகொண்டிருந்த அதே வருடங்களில் அந்தக் கையெழுத்து எவ்வளவு பேரைக் கொன்றது என்பதையும் பக்கத்திலேயே வையுங்கள்.

திண்ணைவாசி

சரியான குட்டு. வாங்கிக்கொண்டேன்.

புதுவரவு

அண்ணன்மார்களே, ஒரு சின்ன சந்தேகம். துணைத் தலைவர் என்றால் ஹெஸ் தானே? பள்ளியில் அப்படித்தான் படித்த ஞாபகம்.

பழைய வானொலி

தம்பி, நல்ல கேள்வி. ஹெஸ் கட்சியில் துணைவர், கோரிங் அரசில் வாரிசு. 1941 மே 10 அன்று ஹெஸ் தானே விமானம் ஓட்டிக்கொண்டு ஸ்காட்லாந்தில் போய்க் குதித்தார், சமாதானம் பேசுகிறேன் என்று. பைத்தியம் என்று அறிவித்துக் கைகழுவினார்கள். இடம் காலியானதும் கோரிங்குக்கு உள்ளூர சந்தோஷம் இருந்திருக்கும். கவனிக்காமல் விட்டது, ஹெஸ்ஸின் அலுவலகத்தில் ஃபைல் தூக்கிக்கொண்டிருந்த மார்ட்டின் போர்மனை. இரண்டே நாளில் கட்சி அலுவலகத் தலைமை போர்மனுக்கு. 1943-ல் ஹிட்லரின் செயலாளர். யார் உள்ளே போகலாம், எந்தக் காகிதம் மேசைக்குப் போகும் என்பதெல்லாம் அவர் கையில். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டும் என்பார்களே, அந்தப் பூசாரி.

ஸ்டாலின்கிராடுக்குப் பிறகு கோரிங் என்ன செய்திருக்க வேண்டும்? தினமும் போய் எதிரில் நின்றிருக்க வேண்டும். திட்டு விழும் என்று பயந்து, பெர்லினுக்கு வடக்கே கரின்ஹால் மாளிகையில் மானோடும் மாத்திரையோடும் ஒதுங்கிவிட்டார். 1941 நவம்பரில் உடெட், 1943 ஆகஸ்டில் யெஷோனெக் என்று விமானப்படையின் பெரிய அதிகாரிகள் இரண்டு பேர் தற்கொலை செய்துகொண்டார்கள். தலைவர் நாற்காலியில் இருந்தார், பழி கீழே இறங்கியது. பட்டமும் வாரிசுரிமையும் காகிதத்தில் அப்படியே கிடந்தன. ஹிட்லரின் காது மட்டும் கைமாறிவிட்டது.

இனி பிள்ளை என் தலையில் கட்டிய வேலை, அந்தத் தந்தி.

1945 ஏப்ரல் 20, ஹிட்லரின் 56-ஆவது பிறந்தநாள். பெர்லினில் வாழ்த்துச் சொல்லிவிட்டு கோரிங் தெற்கே பவேரிய மலைப்பகுதியில் ஓபர்சால்ஸ்பெர்க்கில் இருந்த தன் வீட்டுக்குக் கிளம்பினார். 22-ஆம் தேதி ஹிட்லர் பதுங்கறையில் உடைந்துபோய், போர் தோற்றது, நான் இங்கேயே சாவேன், பேச்சுவார்த்தை என்று வந்தால் கோரிங் என்னைவிட நன்றாகச் செய்வார் என்று புலம்பினார். அதைக் கேள்விப்பட்ட விமானப்படைத் தலைமை அதிகாரி கொல்லர் மறுநாள் காலை பறந்து போய் கோரிங்கிடம் சொன்னார்.

இங்கே அந்த மனிதரைக் கொஞ்சம் பாருங்கள். ஆசை இருக்கிறது. பயமும் இருக்கிறது. சும்மா இருந்தால் கடமை தவறியவன், செயல்பட்டால் துரோகி என்று போர்மன் காத்திருக்கிறான் என்று தெரிகிறது. இரும்புப் பெட்டியைத் திறந்து 1941 ஆணையை வெளியே எடுக்கிறார். அரசுச் செயலகத் தலைவர் லாம்மர்ஸ் பக்கத்தில் இருக்கிறார், ஆணை செல்லுமா என்று அவரிடம் கேட்கிறார். செல்லும். வக்கீல் நோட்டீஸ் மாதிரி ஒவ்வொரு வார்த்தையாகப் பார்த்துப் பார்த்துத் தந்தி எழுதுகிறார்கள். நீங்கள் பெர்லினிலேயே இருக்க முடிவு செய்துவிட்டதால், 1941 ஜூன் 29 ஆணைப்படி உங்கள் துணைவராக நான் தலைமையை ஏற்கச் சம்மதமா? இரவு பத்து மணிக்குள் பதில் வராவிட்டால், நீங்கள் செயல்படும் சுதந்திரத்தை இழந்துவிட்டதாக எடுத்துக்கொள்வேன்.

அந்தப் பத்து மணிதான் வினை. பெர்லின் பதுங்கறையில் அந்த நேரத்தில் கையில் காகிதத்தோடு நின்றவர் போர்மன். இது கேள்வி இல்லை, கெடு என்றார். முதலில் ஹிட்லர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வெளியுறவு அமைச்சர் ரிப்பன்ட்ராப்பை உடனே வரச்சொல்லி கோரிங் அனுப்பிய இன்னொரு செய்தியும் சிக்கியது. அப்புறம்தான் எரிமலை. சோம்பேறி, ஊழல்வாதி, போதைக்கு அடிமை, எனக்கு எப்போதோ தெரியும் என்று கத்தினாராம். அங்கே இருந்த ஆயுத அமைச்சர் ஸ்பியர் பிற்காலத்தில் சொன்னபடி, கத்தி முடித்துவிட்டு, சரி போகட்டும், பேச்சுவார்த்தையை வேண்டுமானால் அவரே நடத்தட்டும், தோற்றபின் யார் நடத்தினால் என்ன என்றும் முணுமுணுத்தாராம்.

பதில் பத்து மணிக்கு முன்பே போனது. ஆணை ரத்து. செய்தது மரண தண்டனைக்குரிய குற்றம். உடல்நிலையைக் காரணம் காட்டி எல்லாப் பதவியையும் விட்டால் உயிர்ப்பிச்சை. கோரிங்குக்கு இதய நோய் என்று வானொலியில் செய்தி வாசித்தார்கள். எஸ்.எஸ். காவலர்கள் வீட்டைச் சூழ்ந்தார்கள். 25-ஆம் தேதி காலை பிரிட்டிஷ் லங்காஸ்டர்கள் ஓபர்சால்ஸ்பெர்க்கின் மேலேயே குண்டு போட்டன, கைதியாக இருந்த விமானப்படைத் தளபதியின் சொந்த வீட்டின் மேல். குடும்பத்தோடு சுரங்கத்தில் உட்கார்ந்திருந்தார் மாயர்.

அவர் இடத்துக்கு நியமிக்கப்பட்ட கிரெய்ம், அந்தச் செய்தியை நேரில் கேட்பதற்காகவே எரிகிற பெர்லினுக்குள் பறந்து வரவழைக்கப்பட்டு, வழியில் காலில் குண்டடி பட்டார். போனிலேயே சொல்லியிருக்கலாம்.

கரிசல்காட்டான்

அண்ணே, தந்திக் காட்சிக்கு எழுந்து நின்று கைதட்டினேன். ஆனால் 1940-ஐ விட்டுத்தர மாட்டேன். வாயால் ஏறினவர் வாயால்தான் இறங்கினார், அந்த வாய் முதலில் பொய்த்தது டன்கர்க்கில்.

பனிதேசத்தான்

நியூரம்பர்க் போர்க்குற்ற விசாரணை பற்றி நான் எழுதுகிறேன், அது நடந்த அறை எண் 600-க்குப் போயிருக்கிறேன்.

படத்தில் பார்ப்பதைவிடச் சின்ன அறை. முதலில் தேடியது குற்றவாளிக் கூண்டை. அது இருந்த சுவர் ஓரத்தில் ஒரு கதவு, அதன் பின்னால் லிஃப்ட். சிறையிலிருந்து அதில்தான் ஆட்களை மேலே கொண்டுவருவார்கள். மாடி அருங்காட்சியகத்தில் அந்த மர பெஞ்சில் ஒரு பகுதியை வைத்திருக்கிறார்கள். நம் ஊர்ப் பழைய ரயில் நிலையத்து பெஞ்சுபோலத்தான் இருந்தது. முதல் வரிசையில் முதல் இடம் கோரிங்குக்கு. பக்கத்தில் ஹெஸ். 1939-ல் சபையில் சொன்ன அதே வரிசை.

1945 மே மாதம் அமெரிக்கர்களிடம் சிக்கியபோது 120 கிலோ உடம்பு, பெட்டி நிறைய மாத்திரை. சிறை அதிகாரிகள் எண்ணியபோது சுமார் 20,000. லக்ஸம்பர்க்கில் ஒரு ஹோட்டலில் அடைத்து, மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்து, உடம்பை இளைக்கவைத்தார்கள். விளைவு, நீதிமன்றத்துக்கு வந்தவர் பல வருடங்களுக்குப் பிறகு தெளிவான தலையோடு இருந்த கோரிங். சிறை உளவியலாளர் வைத்த அறிவுத்திறன் சோதனையில் 138 வாங்கினார், தன்னைவிட இரண்டு பேர் கூடுதலாக வாங்கியதில் வருத்தம் வேறு.

1946 மார்ச்சில் அமெரிக்க வழக்கறிஞர் ஜாக்சன் குறுக்கு விசாரணை செய்தார். ரைன் நதியில் கப்பல் போக்குவரத்தைக் காலி செய்வது பற்றிய ஒரு ஆவணத்தை ரைன்லாந்தை விடுவிக்கும் திட்டம் என்று தவறாக மொழிபெயர்த்து வைத்துக்கொண்டு மாட்டிக்கொண்டார். ஏன் ரகசியமாக வைத்தீர்கள் என்று கேட்டதற்கு, அமெரிக்கா தன் போர் ஏற்பாடுகளை முன்கூட்டி வெளியிட்டதாக நான் படித்த ஞாபகம் இல்லையே என்றார் கோரிங். ஜாக்சன் பொறுமை இழந்தார். இந்த இடத்தைக் காட்டி 'ஜெயித்தது கோரிங்தான்' என்று சிலர் எழுதுவார்கள். அடுத்து எழுந்த பிரிட்டிஷ்காரர் மேக்ஸ்வெல் ஃபைஃப் பேச்சே வைத்துக்கொள்ளவில்லை. சாகன் போர்க்கைதி முகாமிலிருந்து தப்பிப் பிடிபட்ட 50 நேச நாட்டு விமானிகளைச் சுட்டுக் கொன்றது உன் அதிகாரிகளுக்குத் தெரிந்திருக்கிறது, உனக்குத் தெரியாதா என்று தேதி தேதியாகப் போனார். அங்கே நகைச்சுவை செல்லவில்லை.

தீர்ப்பு நான்கு குற்றச்சாட்டிலும் குற்றவாளி, தூக்கு. சிப்பாயைப் போலச் சுட்டுக் கொல்லுங்கள் என்று கேட்டார், மறுத்துவிட்டார்கள். 1946 அக்டோபர் 15 இரவு, தூக்குமேடைக்குப் போக இரண்டு மணி நேரம் இருக்கும்போது, சயனைடைக் கடித்துவிட்டார். குப்பி எப்போதும் என்னிடமே இருந்தது என்று சிறைத் தலைவருக்குக் கடிதம் எழுதிவைத்திருந்தார். உள்ளே யார் கொண்டுவந்து கொடுத்தார்கள் என்று இன்றுவரை சண்டை. காவலுக்கு நின்ற ஒரு அமெரிக்கர் 2005-ல், நான்தான் ஒரு பேனாவுக்குள் வைத்துத் தெரியாமல் கொடுத்தேன் என்றார். நம்புகிறவர்கள் நம்பலாம், எனக்கு நம்பிக்கை வரவில்லை.

மழைக்குருவி

எனக்கு ஒன்று மட்டும் புரியவில்லை. நாட்டின் இரண்டாம் ஆள், ஒரு முழு ஆயுதப்படையின் தளபதி. வாசலில் எஸ்.எஸ். ஆட்கள் வந்து நின்றபோது, ஒரு விமானப்படைப் பிரிவாவது குறுக்கே நிற்கவில்லையே? சொந்தமாகக் காவலுக்கு ஆளே இல்லையா?

பழைய வானொலி

குருவி, உன் கேள்வியை வைத்துக்கொண்டு நேற்று ராத்திரி பூரா உட்கார்ந்திருந்தேன். என் ஸ்டாலின்கிராட் கட்சியிலிருந்து விலகுகிறேன்.

1933-ல் போலீஸ் அவரிடம்தான் இருந்தது. கெஸ்டபோ அவர் பெற்ற பிள்ளை. அடுத்த வருடம் எர்ன்ஸ்ட் ரோமின் பழுப்புச் சட்டைப் படையை ஒழிக்க ஹிம்லரின் கூட்டு தேவைப்பட்டது. அந்தக் கூட்டுக்குக் கொடுத்த சீர்வரிசை கெஸ்டபோ. ஜூன் 30-ல் இருவரும் சேர்ந்து ரோமின் ஆட்களைத் தீர்த்துக்கட்டினார்கள். கோரிங்குக்கு அது பெரிய இழப்பாகவே தோன்றவில்லை. விமானம் இருக்கிறது, அடுத்து தொழிற்சாலைகள் வரும், எல்லாவற்றுக்கும் மேலே ஹிட்லரின் வார்த்தை இருக்கிறது. அன்றிலிருந்து அவரிடம் இருந்ததெல்லாம் ஹிட்லர் கொடுத்தவை. ஹிட்லர் இல்லாமல் தானாக நிற்கக்கூடியது எதுவும் இல்லை. ஒவ்வொரு கட்டத்திலும் 'முடியும்' என்றே சொன்னதும் அதனால்தான் என்று இப்போது தோன்றுகிறது. முடியாது என்று சொல்லிவிட்டுப் போய் நிற்க அவருக்கு வேறு திண்ணை கிடையாது. கரிசலின் டன்கர்க்கும் பிள்ளையின் டன் கணக்கும் இதிலேயே அடங்கிவிடுகின்றன.

1945-ல் அவர் வாசலுக்கு வந்தது, அன்றைக்குத் தாரைவார்த்துக் கொடுத்த அதிகாரம்.

என் தேதி: 1934 ஏப்ரல் 20. கெஸ்டபோ ஹிம்லர் கைக்குப் போன நாள். அவர் ஹிட்லரைக் கடைசியாகப் பார்த்ததும் ஏப்ரல் 20, சரியாகப் பதினொரு வருடம் கழித்து. உடம்பு சிலிர்த்துவிட்டது.

கணக்குப்பிள்ளை

அண்ணே, சிலிர்ப்பைக் கொஞ்சம் அடக்குங்கள். ஏப்ரல் 20 ஹிட்லரின் பிறந்தநாள். பதவி கொடுப்பது, பட்டம் கட்டுவது, வரிசையில் நின்று வாழ்த்துவது எல்லாம் வருடா வருடம் அன்றைக்குத்தான். தேதிப் பொருத்தத்தில் மர்மம் ஒன்றுமில்லை.

மற்றபடி வாதத்தை ஏற்கிறேன். தட்சின்ஸ்கயா தேதியை மட்டும் யாராவது ஒருமுறை சரிபார்த்துச் சொல்லுங்கள், எங்கோ 25 என்றும் பார்த்த மாதிரி இருக்கிறது.

கரிசல்காட்டான்

24-ஆம் தேதி காலையில் டாங்கிகள் ஓடுபாதைக்குள்ளேயே வந்துவிட்டன. 24 என்றே இருக்கட்டும், பிள்ளை.